வரிசை நிறைக்க உட்கார்ந்தவள்

மகனே,

நலம் விசாரித்து எழுதும் தூரத்துக்கு நீ இன்னும் போகவில்லை. அடுத்த அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். பிடிலுக்கு உறை எங்கே என்று இப்போதுகூட என்னைக் கூப்பிட்டுக் கேட்டாய். ஆனாலும் எழுதுகிறேன். வாயால் சொன்னால் நீ பாதியில் மறித்து, காலம் மாறிப்போச்சும்மா என்பாய். காகிதத்தை மறிக்க முடியாது. புறப்பட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் இதைப் படித்துவிடு.

நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது நீ வாத்தியாராகப் போகிற புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாய். தர்மவான் ஒருவர் பிடில்கள் வாங்கிக் கொடுத்திருக்கிறார், பிள்ளைகள் இப்போதுதான் வில் பிடிக்கப் பழகுகிறார்கள், முதல் ஆண்டு விழாவிலேயே எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து ஒரு பெரிய வர்ணம் வாசிக்க வைத்து ஊரை அசத்திவிடுவேன் என்றாய். எல்லாருக்கும் வருமா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "வராததுகளைப் பின்னால உக்கார வச்சு, சத்தம் வராம வில்லை மட்டும் ஆட்டச் சொல்லிரலாம்மா. யாருக்குத் தெரியப்போவுது" என்றாய். நான் எழுந்து போய் மோர் எடுத்து வந்து உன் இலையில் ஊற்றினேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய்.

உன் இலத்தூர்ப் பெரியம்மாவை உனக்கு எப்படித் தெரியும்? நம் வீட்டுக்கு வந்தால், நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற வேளையில் கொல்லைப்புறம் போய் நிற்பவள். பிள்ளைகள் கலைந்த பிறகுதான் உள்ளே வருவாள். சின்ன வயசில் நீ வேண்டுமென்றே அவள் பின்னாலேயே பிடிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கிறீச்சென்று இழுப்பாய். அவள் முகம் போகிற போக்கைப் பார்த்துக் கைகொட்டுவாய். பெரியம்மாவுக்குப் பாட்டு என்றால் வயிற்றைக் கலக்கும் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லித் திரிந்தாய். நான் உன்னை அடிக்கவில்லை. அடித்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தை இன்று சொல்கிறேன். உன் பெரியம்மா உலகம்மாளும் நானும் ஒரே கூடத்தில், ஒரே வாத்தியாரிடம் பிடில் படித்தவர்கள்.

முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆன சமயம் அது. உன் தாத்தா தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீல் வீட்டு ஆச்சி மதுரைக்குப் போயிருந்தபோது, யார் வீட்டிலோ பெண் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பிடில் வாசித்ததைப் பார்த்து வந்தார். தன் வீட்டுக் கூடத்திலும் அப்படி ஒரு வரிசை வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. ஆறு பிடில் வந்து இறங்கியது. ஆறு பெண்கள் வேண்டுமே. தெரிந்த வீடுகளிலிருந்து நாலு பேர் வந்தார்கள்; எண்ணிக்கை குறைந்ததால் குமாஸ்தா வீட்டிலிருந்து எங்கள் இருவரையும் சேர்த்தார்கள். உலகம்மாளுக்குப் பதினைந்து முடிந்து கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் அவளுக்கு இரண்டு வயசு இளையவள்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஒருவரை வாத்தியாராக அழைத்து வந்து அமர்த்தினார்கள். நல்ல வித்துவான். அதை மறைத்துச் சொன்னால் அவர் செய்தது என்ன என்று உனக்கு முழுதாக விளங்காது. புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாட்டுப் பொறுக்குவதிலும், அதைக் கைக்குத் தக்கபடி பிரித்துக் கொடுப்பதிலும் அவரைப் போல ஒருவரை நான் பிறகு பார்க்கவில்லை. முதலில் சங்கராபரணத்தில் நோட்டு என்கிற இங்கிலீஷ் மெட்டு ஒன்றை எடுத்தார். பேண்டுக்காரர்கள் ஊதுவது மாதிரி ஸ்வரம் நேர் நேராகப் போகும். அசைத்து இழைக்கிற வேலை கிடையாது. விரலை வைத்தால் போதும். கை ஓடுகிற இரண்டு பேருக்கு முழு மெட்டையும் கொடுத்தார். அடுத்த இரண்டு பேருக்குத் தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் முதல் ஸ்வரத்தை மட்டும் கொடுத்தார். எனக்கு மெட்டின் பின்பாதி. இப்படி ஒருத்தி விட்ட இடத்தை இன்னொருத்தி பிடித்துக்கொள்ள, கேட்கிறவர்களுக்கு ஒரே பாட்டாக இருந்தது.

உலகம்மாளுக்கு இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்காது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆட்டுரலில் மாவு தள்ளப் போய்க் குழவிக்கு அடியில் நசுங்கியவை. வாத்தியார் முதல் நாளே அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவளுக்கு விரலே வைக்க வேண்டாத பங்கைக் கொடுத்தார். திறந்த தந்திகளில் ஸாவும் பாவும் மாறி மாறி இழுக்க வேண்டும்; ஒவ்வொரு அடி முடிவிலும் வில்லின் அடியிலிருந்து நுனி வரை ஒரு நீள ஸா. உலகம்மாள் அந்த ஸாவை இழுத்தால் கூடத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். மற்ற நாங்கள் ஐந்து பேரும் அந்த ஸ்வரத்தின் மேல்தான் ஏறி நின்றுகொண்டிருந்தோம். அவள் இல்லாத நாளில் எங்கள் சுருதி ஆளுக்கொரு பக்கம் போகும். இதை வாத்தியாரே சொல்லியிருக்கிறார். உலகம்மாள் வீட்டுக்கு வந்த பிறகும் வெறுங்கையால் காற்றில் வில் இழுத்துக்கொண்டே அடுப்பு ஊதுவாள். அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு ஸ்வரம்.

அந்த வருஷம் சாரல் தொடங்கியதும் வக்கீல் குடும்பம் வழக்கம்போலக் குற்றாலத்து பங்களாவுக்குக் குடிபோனது. திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மனுஷர் குளிக்க வந்து தங்குகிறார், சங்கீதத்தில் பிரியமுள்ளவர், அவர் முன்னால் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்று ஆச்சி சொல்லி அனுப்பினார். வாத்தியாருக்கு அன்றைக்கே வேறு புத்தி வந்துவிட்டது. நோட்டைத் தூக்கிப் போட்டார். தோடியில் ஒரு பெரிய கீர்த்தனையை எடுத்தார். தோடி என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஸ்வரமும் நேராக நிற்காது. விரல் வழுக்கி, அசைந்து, திரும்பி வர வேண்டும். எங்களில் ஒருத்திக்கும் அது வரவில்லை. மற்றவர்களுக்குச் சில இடங்களை நேராக்கிக் கொடுத்தார். உலகம்மாளுக்கு எதையும் மாற்றவில்லை. பழையபடி ஸா இழுக்கட்டுமா என்று அவள் கேட்டாள். அப்படி இழுத்தால் பாடம் படிக்கிற பிள்ளைகள் என்று வந்தவர் கண்டுகொள்வார் என்றார்.

தினமும் தன் வில்லின் கட்டையால் அவள் கையில் தட்டினார். மடங்குகிற விரல்களை விட்டுவிட்டு, மடங்காத இரண்டின் மேல்தான் தட்டுவார். "மரத்துல ஆணி அடிச்ச மாதிரில்லா நிக்கி" என்று சொல்லி மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பார். அவர்கள் சிரிக்க வேண்டும். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அடுத்த தட்டு எனக்கு என்று தெரியும். உலகம்மாளின் விரல் நகக்கண்ணில் ரத்தம் கட்டியது. ஒருநாள் எல்லாரும் போன பிறகு அவர் காலைத் தொட்டு, என்னை விட்டுவிடுங்கள், ஐந்து பேராக வாசிக்கட்டும் என்று கேட்டாள். "ஆறு பேருன்னு ஆச்சி சொல்லியாச்சு. ஆறு சேலையும் வந்தாச்சு. நீ இல்லேன்னா நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கும்" என்றார். எங்கள் ஆறு பேரில் அவள்தான் பார்க்க லட்சணம். அதனால் நடுவில் அவளுக்கு இடம்.

இன்னொன்றும் இருந்தது. கடையத்திலிருந்து உலகம்மாளைக் கேட்டு ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையனின் அம்மாவும் அந்தச் சமயம் குற்றாலத்துக்கு வருவதாக இருந்தார். அப்பா ஆச்சியிடம் சொல்லி அவரையும் கச்சேரிக்கு வரவழைத்தார். பெண் பிடில் வாசிக்கிறாள் என்று தரகர் சொல்லியிருந்ததைக் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தார்.

அன்று சாயங்காலம் பங்களாக் கூடத்தில் ஆறு பேரும் ஒரே நிறச் சேலையில் உட்கார்ந்தோம். வெளியே சாரல் விடாமல் தூவிக்கொண்டிருந்தது. ஈரத்தில் தந்தி தளர்ந்து தளர்ந்து சுருதி இறங்கியது. வாத்தியார் வந்து, வில்லெல்லாம் நமத்துப் போயிருக்கும், பார்த்துத் தருகிறேன் என்று ஆறையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கொண்டு வந்து ஒவ்வொருத்தியிடமாகக் கொடுத்தார். உலகம்மாளிடம் கொடுக்கும்போது, தைரியமா இழு என்று முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

கீர்த்தனை தொடங்கியது. அவர் முன்னால் உட்கார்ந்து உரக்க வாசித்தார்; எங்கள் தப்புகளெல்லாம் அவர் சத்தத்துக்குள் போய்விட்டன. நான் உலகம்மாளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தேன். அவள் பிடிலிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் வில்லை அழுத்தினாள். வரவில்லை. தந்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி இழுத்தாள். வேர்வை வழிய வழியக் கடைசி வரை இழுத்துக்கொண்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் பெரிய மனுஷர் மனசார மெச்சினார். சால்வை கொண்டுவரச் சொன்னார். அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் கடையத்து அம்மாள் ஆச்சியின் பக்கம் குனிந்து, நடுவில் இருக்கிற பிள்ளை தனியாக ஏதாவது வாசிக்கட்டுமே என்று ஆசையாகக் கேட்டார். ஆச்சி பெருமையோடு, வாசிக்கட்டும் என்றார்.

வாத்தியார் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று தடுக்க அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது. பிள்ளைக்குக் களைப்பு என்று சொல்லியிருக்கலாம். தன் பிடிலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உலகம்மாள் நோட்டில் தன் பங்கை எடுத்தாள். விரல் வைக்க வேண்டாத, அவளுக்குத் தூக்கத்திலும் வருகிற அந்த ஸா. வில் அடியிலிருந்து நுனி வரை போயிற்று. ஈரக் கையால் சுவரைத் தடவியது போல ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். திரும்ப இழுத்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். கடையத்து அம்மாள் ஆச்சியைப் பார்க்க, ஆச்சி வாத்தியாரைப் பார்த்தார்.

அவர் தலை நிமிராமல் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வராது. வரிசை நெறைக்க உக்கார வச்சிருக்கு."

சால்வையைப் போர்த்தினார்கள். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

பிடில்களைப் பெட்டியில் வைக்கும் வேலை என்னுடையது. உலகம்மாளின் வில்லை எடுத்தபோது கை வழுக்கியது. வில்லின் மயிர் முழுக்கத் தேங்காயெண்ணெய். தந்தியைப் பிடித்துச் சத்தம் எழுப்பப் பிசின்கட்டி தேய்த்துச் சொரசொரவென்று இருக்க வேண்டியது, எண்ணெய் தடவிய தலைமயிர் மாதிரி மினுமினுவென்று இருந்தது. மற்ற ஐந்து வில்லும் காய்ந்து நன்றாக இருந்தன. வண்டியில் திரும்பும்போது உலகம்மாள் என் காதோடு ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏட்டி, நீங்க எல்லாரும் வாசிச்சது எனக்குக் கேட்டுது. நான் வாசிச்சது மட்டும் கேக்கல. எனக்கு மட்டும் காது செத்துப்போச்சோ?" அப்பா முன்னால் உட்கார்ந்திருந்ததால் எண்ணெய்க் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். கையை முகர்ந்து பாருங்கள் என்று நீட்டினேன். அவர் முகர்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பிறகு அந்தக் கையைத் தள்ளிவிட்டுக் கன்னத்தில் அறைந்தார். "வக்கீலையா சோத்தைத் தின்னுட்டு, அவுக வச்ச வாத்தியாரு மேல பழி சொல்லுதியா? இந்தப் பேச்சு ஒங்க அக்கா காதுல விழுந்துது, ஒன் நாக்குல சூடு போட்டுருவேன்" என்றார். மறுநாள் காலையில் உலகம்மாளைத் தலைக்குக் குளிக்கச் சொல்லி, தட்டில் வெற்றிலை பழம் வைத்து, வாத்தியாரிடம் அழைத்துப் போனார். சபையில் அவர் மானத்தை வாங்கியதற்காக அவள் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். அவர் திருநீறு பூசி ஆசீர்வாதம் செய்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

கடையத்து இடம் போயிற்று. ஏமாற்றுகிற குடும்பம் என்று பெயர் வந்ததால் வேறு இடமும் வரவில்லை. தை பிறந்ததும் இலத்தூரில் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். மூத்தவளின் பிள்ளைகள் உலகம்மாளைவிடச் சில வயசுதான் சின்னவர்கள். பெரியப்பா அவளை வைத்து வாழ்ந்த அழகு உனக்கே தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை. வாத்தியாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெரிய மனுஷர் கூப்பிட்டு நல்ல நல்ல சபைகளில் வாசிக்க வைத்தார். வயசாகி, பேரன் பேத்திகள் சூழப் படுக்கையில் போனார். உலகம்மாளின் இடம் எனக்கு வந்தது. நடுவில் உட்கார்ந்து அவரிடமே இன்னும் சில வருஷம் படித்தேன். உன் அப்பா நம்மை விட்டுப் போன பிறகு, அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தைத்தான் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லி உனக்குச் சோறு போட்டேன். அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

உன் தாத்தா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்குத்தான் உலகம்மாளிடம் எண்ணெய்ச் செய்தியைச் சொன்னேன். இனி சூடு போட ஆள் இல்லை. தான் குற்றமற்றவள் என்று தெரிந்தால் அவள் மனசு ஆறும் என்று எண்ணினேன். அவள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இதை ஏன் இப்ப சொல்லுத?" என்றாள். "கை வராதவளுன்னு நெனச்சு அடங்கி இருந்தேன். எனக்கு இந்த ஆம்பளையே போதும்னு நெனச்சு இருந்தேன். இனிமே அப்படி இருக்க முடியாதுல்லா." அன்றிலிருந்துதான் அவள் பிடில் சத்தம் கேட்டால் கொல்லைப்புறம் போகிறாள். அதற்கு முன்னால் என் பாடங்களைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள்தான்.

இனி உன் காரியத்துக்கு வருகிறேன். பாட்டைப் பொறுக்கும்போது உன் கை எவ்வளவு ஓடும் என்று பார்க்காதே. அந்தக் கூட்டத்திலேயே மெதுவான கை யாருடையதோ, அதைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பொறுக்கு. அசைவு குறைந்த ராகமாக எடு. விரல் தந்தி மாறுகிற இடத்தில் மூச்சு விட நேரம் இருக்கிற தாளமாக எடு. ஓடுகிற பிள்ளைக்கு ஓடுகிற வேலையைக் கொடு. இல்லாவிட்டால் அது சலித்துப்போய் அடுத்த பிள்ளையைக் கிள்ளும். நடுத்தரத்துக்கு முதல் ஸ்வரங்களைக் கொடு. விரல் வைக்கத் தெரியாததற்குத் திறந்த தந்தியைக் கொடு. ஆனால் அது வாசிக்காவிட்டால் பாட்டில் ஓட்டை தெரிய வேண்டும்; அப்படி ஓர் இடமாகத் தேடிக் கொடு. இதெல்லாம் அந்த மனிதரிடமிருந்து நான் கற்றவை. இவ்வளவும் தெரிந்தவர்தான் எண்ணெய் தடவினார். ஆகவே, உனக்கும் இதெல்லாம் தெரியும் என்பதால் என் பயம் குறையவில்லை.

ஒரு பிள்ளைக்கு ஸ்வரமே நிற்கவில்லை என்றால் நேராகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பு. போன வருஷம் மேலத் தெருப் பெண் ஒருத்தியை நான் அப்படி அனுப்பினேன். அவள் அம்மா தெருவில் நின்று, புருஷனைத் தின்றவளுக்கு ஈரம் எங்கே இருக்கும் என்று என்னைப் பேசினாள். வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் நாலு நாள் அழுதாள்; பிறகு தையல் படிக்கப் போய்விட்டாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பிக்கொள்ளட்டும். அவளுக்குத் தன் காதுமேல் சந்தேகம் இல்லை, என்மேல் வெறுப்பு இருக்கிறது. வெறுப்போடு ஒருத்தி நன்றாகவே வாழலாம்.

உனக்கு வேலை கிடைத்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து திருநீறு பூசினார்கள், பெரியம்மா மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாய். முட்டுவலி என்றேன். பொய். போன வெள்ளிக்கிழமை நானே இலத்தூர் போய்க் கூப்பிட்டேன். புளி குத்திக்கொண்டிருந்தாள். என் மகன் வாத்தியாராகப் போகிறான், வந்து ஆசீர்வாதம் செய் என்றேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"ஒம் மவனா வந்தான்னா உள்ள வரச் சொல்லு, சோறு போடுதேன். வாத்தியாரா வந்தான்னா வாசல்லயே நின்னுட்டுப் போவச் சொல்லு" என்றாள்.

நாளைக்குக் காலையில் இலத்தூர் போய்விட்டு வா. நான் கூட வரமாட்டேன். வாசலில் நின்று கூப்பிடு. யாரு என்று கேட்பாள். வராத பிள்ளைகளைப் பற்றி நேற்று மோருக்கு முன்னால் என்னிடம் சொன்னதை முதலில் அவளிடம் சொல்லு. பிறகு நீ யாரென்று அவளே சொல்லட்டும்.

உன் அம்மா